பூச்சி எழுத்துகள்: உலாவி நீட்சிகளும் ஒரு தோட்டத்தின் பெயர்ப் பட்டியலும்

2017 நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு புந்தோங்கிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். நான் அப்போது கம்பாரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, போன வாரம் நீ வந்து கம்ப்யூட்டர சுத்தம் பண்ணிட்டுப் போனதிலேருந்து என் தோட்டத்து ஃபைல் எல்லாம் பூச்சி மாதிரி ஊருதுடா. ஒரு எழுத்துகூட தமிழ் இல்ல."

"நீங்க ஒன்னும் தொடாதீங்க பெரியப்பா. சனிக்கிழமை வந்து பாக்குறேன்."

தவறு என்னுடையது. ஈப்போவுக்குப் போயிருந்தபோது அவருடைய கணினி மெதுவாக ஓடியதைப் பார்த்து, தேவையில்லாத கோப்புகளை அழித்து, உலாவியையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு வந்திருந்தேன். இந்த நீட்சி புதிய பதிப்போடு ஒத்துப்போகாது என்று ஏதோ அறிவிப்பு வந்த ஞாபகம் இருக்கிறது. பொறியியல் மாணவனுக்கே உரிய அவசரத்தில் அதைப் படிக்காமல் தள்ளிவிட்டேன். அந்த நீட்சிதான் பெரியப்பாவின் கோப்புகளைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. பல வருடங்களுக்கு முன்னால் அவருடைய பழைய மாணவர் ஒருவர் போட்டுக் கொடுத்தது. அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

பெரியப்பா சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பிறகு ஒரு பகுதி தாமான் ஆனது. ஆட்கள் கலைந்துபோனார்கள். 1999க்கும் 2003க்கும் இடையில் அவர் ஞாபகத்தில் இருந்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, லயம் லயமாக யார் யார் குடியிருந்தார்கள் என்று தட்டச்சு செய்தார். எந்தக் குடும்பம், தமிழ்நாட்டில் எந்த ஊர்ப்பக்கம், யார் மரம் வெட்டினார்கள், யார் ஸ்டோரில் இருந்தார்கள், எந்த வருடம் எங்கே போனார்கள் என்று நாற்பது சொச்சம் பக்கம். அந்த மாணவர் அதையெல்லாம் வலைப்பக்கங்களாக மாற்றிக் கொடுத்திருந்தார். செக்ரோல் புத்தகங்கள் தோட்ட ஆபீசோடு போய்விட்டன. அந்த லயங்களில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே எழுத்துச் சாட்சி அந்தப் பக்கங்கள்தாம். அவைதான் பூச்சியாக ஊர்ந்துகொண்டிருந்தன.

அந்த ஒரு சொடுக்கினால் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளப் போய், தமிழ்க் கணிமையின் இருபத்தைந்து வருட வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முக்கால் பின்னமும் சென்ட் குறியும்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆஸ்கி என்ற ஆங்கில அட்டவணை 128 இடங்களைக் கொண்டது. அதன் மேல் இன்னொரு 128 சேர்த்தால் 256. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் செய்தது இதுதான்: ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் இருந்த அந்த இடங்களில், அவற்றுக்குப் பதிலாகத் தமிழ் வடிவங்களை வரைந்து ஓர் எழுத்துருவாகக் கொடுத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது தமிழ் இல்லை. அது இன்னமும் முக்கால் பின்னத்தையும் சென்ட் குறியையும்தான் சேமித்துக்கொண்டிருந்தது. அந்த எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால் முக்கால் பின்னம் இருந்த இடத்தில் 'த' தெரியும், சென்ட் குறி இருந்த இடத்தில் இகரக் கொக்கி தெரியும். எழுத்துரு இல்லாவிட்டால் பூச்சிதான்.

இந்த வேலையில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்தே இங்கே முரசு மென்பொருளை உருவாக்கி வந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். சென்னையில் பல நிறுவனங்கள், பல பத்திரிகைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்துரு. சிக்கல் என்னவென்றால், ஒருவர் 'த'வை வைத்த இடத்தில் இன்னொருவர் 'ள'வை வைத்திருந்தார். ஓர் எழுத்துருவில் எழுதியது இன்னொன்றில் படிக்க முடியாது.

1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு. அங்கேதான் டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன. இன்னொரு பக்கம், மின்னஞ்சல் வழியாகவே பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து உருவாக்கிய திஸ்கி பரவியது. 2000இல் உத்தமம் அமைப்பு உருவானது. 2001இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. ஆக, ஒரே காலத்தில் மூன்று தரங்கள், அவற்றுக்கு வெளியே இன்னும் எத்தனையோ தனியார் ஏற்பாடுகள்.

பெரியப்பா தட்டச்சு செய்தது திஸ்கியில். அதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அகர வரிசைப்படி 171இல் அ, 172இல் ஆ. அடுத்து 173இல் இ வரவேண்டும். ஆனால் வலைப்பக்கங்களில் 173 என்பது மென் இணைகோடு; வரி உடையும்போது மட்டும் தெரிந்து, மற்ற நேரம் மறைந்துபோகும் குறி. அந்த இடத்தில் ஓர் எழுத்தை வைத்தால் உலாவி அதை விழுங்கிவிடும். அதனால் இகரத்துக்கு வரிசையை விட்டுத் தள்ளி 254ஆம் இடத்தில் நாற்காலி போட வேண்டியிருந்தது. அடுத்தவர் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தால் வரும் தொல்லை இது.

இத்தனைக்கும் யூனிகோடு 1991இலேயே வந்துவிட்டது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் இடம் இருந்தால் போதாது, இயங்குதளம் அதைக் காட்ட வேண்டும். சாதாரண வீட்டுக் கணினியில் அதற்கான வழி விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில்தான் திறந்தது. பத்து வருட இடைவெளியில் மக்கள் எழுதாமல் இருப்பார்களா? கையில் கிடைத்ததில் எழுதினார்கள்.

ஒரு உலாவிக்கு மட்டும் தெரிந்த தமிழ்

வலைத்தளம் நடத்தியவர்களுக்கு அடுத்த பிரச்சினை. ஒவ்வொரு வாசகரும் எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்டு படிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 1997 வாக்கில் வந்த இயங்கு எழுத்துரு இதற்கு வழி சொன்னது: பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை. நெட்ஸ்கேப் தோற்றுப்போனது. ஆகவே நிறைய தமிழ்த் தளங்கள் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமே தெரியும் தளங்களாக ஆயின.

2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. தமிழ் வலைப்பதிவர்கள் செல்லமாக நெருப்புநரி என்று அழைத்தார்கள். வேகமானது, கட்டற்றது, லினக்ஸிலும் ஓடும். ஆனால் எக்ஸ்ப்ளோரரின் இயங்கு எழுத்துரு அதற்குத் தெரியாது. புதிய உலாவிக்கு மாறினால் பல தளங்களில் பூச்சி. பக்கத்தோடு எழுத்துருவை இறக்கும் வசதி ஃபயர்பாக்ஸுக்கு 2009இல் 3.5 பதிப்பில்தான் வந்தது. அதுவும் வேறு வடிவத்தில்.

இந்த ஓட்டையைத்தான் நீட்சிகள் அடைத்தன. ஃபயர்பாக்ஸின் பெரிய கவர்ச்சியே நீட்சிகள்தாம். அதன் முகப்பு முழுவதும் ஸூல் என்ற மொழியில் எழுதப்பட்டிருந்தது. நீட்சி எழுதுகிறவர் அந்த முகப்புக்குள்ளேயே போய் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பொத்தான் சேர்க்கலாம், பட்டியல் சேர்க்கலாம், பக்கத்தின் எழுத்துகளையே மாற்றலாம். தட்டச்சு செய்ய தமிழ்விசை என்ற நீட்சி இருந்தது. எந்த மென்பொருளும் நிறுவாமல் உலாவிக்குள் தமிழில் எழுத முடிந்தது. படிப்பதற்கு பத்மா. தெலுங்குக்காகத் தொடங்கிய அந்த நீட்சி, பிறகு தமிழ், மலையாளம் உட்பட மற்ற இந்திய மொழிகளுக்கும் விரிந்தது. பழைய எழுத்துருவில் இருக்கும் பக்கத்தை உலாவிக்குள் வைத்தே யூனிகோடாக மாற்றிக் காட்டும். பக்கம் இருந்தபடியே இருக்கும், வாசகர் கண்ணுக்கு மட்டும் தமிழ் தெரியும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. நீட்சி கோப்பைத் திருத்தவில்லை. கண்ணாடி மாட்டிவிட்டது. கண்ணாடி நன்றாக இருந்ததால் கோப்புக்குள் இருப்பது முக்கால் பின்னமும் சென்ட் குறியும்தான் என்பதை எல்லோரும் மறந்துபோனோம்.

மற்றவர்கள் மாற்றும் வேலையையே செய்தார்கள். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி அப்படிப்பட்டது. பழைய எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டினால் அடுத்த பெட்டியில் யூனிகோடு வரும். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவும் ஒரு மாற்றியை இலவசமாகக் கொடுத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் பழைய எழுத்துருக்களில்தான் நூல்களை ஏற்றியது. பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று தன் நூல்களைப் புதிய தரத்துக்கு நகர்த்திக்கொண்டே வந்தது. இன்று அந்த நூல்களை எந்தக் கைத்தொலைபேசியிலும் படிக்க முடிகிறது என்றால், யாரோ உட்கார்ந்து நகர்த்தியதால்தான்.

எண் விளையாட்டு

நீட்சிகளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. உலாவியின் குடலுக்குள் கைவிட்டு வேலை செய்வதால், உலாவிக்காரர்கள் உள்ளே ஒன்றை மாற்றினால் நீட்சி படுத்துவிடும். இதற்காக ஒவ்வொரு நீட்சியும் தன்னோடு ஒரு சிறு கோப்பை வைத்திருந்தது. எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை நான் வேலை செய்வேன் என்று அதில் எழுதியிருக்கும். உலாவியின் எண் அதைத் தாண்டிவிட்டால் நீட்சி தானாக முடக்கப்படும்.

பதிப்புகள் வருடத்துக்கு ஒன்று வந்த காலத்தில் இது சமாளிக்கக்கூடியதாக இருந்தது. 2011 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 4 வந்தது. ஜூனில் 5. அதன்பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று. உள்ளே பெரிய மாற்றம் இருக்காது, எண் மட்டும் ஏறும். எண் ஏறியதும் நல்ல நிலையில் இருந்த நீட்சிகளும் முடங்கும். நீட்சி எழுதியவர் ஒவ்வொரு முறையும் வந்து உச்ச எண்ணை மாற்ற வேண்டும். பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை.

அந்தக் கால வாசகர்களில் பலருக்கு இந்த வைத்தியம் ஞாபகம் இருக்கலாம். நீட்சிக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணைக் கையால் உயர்த்தி, மறுபடியும் மூடி நிறுவினால் பல சமயம் வேலை செய்யும். உலாவியின் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒத்திசைவுச் சோதனையையே நிறுத்திவைக்கும் வழியும் இருந்தது. 2012 ஜனவரியில் வந்த 10ஆம் பதிப்பில் மொசில்லாவே இறங்கிவந்து, பெரும்பாலான நீட்சிகள் ஒத்துப்போகும் என்றே எடுத்துக்கொள்ளும்படி மாற்றியது.

ஆனால் அடிப்படைச் சிக்கல் போகவில்லை. உலாவியின் எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருந்த நீட்சி, கெட்ட நோக்கத்தோடு எழுதப்பட்டால் எல்லாவற்றையும் திருடலாம். மோசமாக எழுதப்பட்டிருந்தால் முழு உலாவியையும் தொங்கவைக்கலாம். உலாவியைப் பல தனித்தனிச் செயல்களாகப் பிரித்து வேகமாக்கவும் பழைய நீட்சிகள் தடையாக இருந்தன. கூகுளின் குரோம் அந்தப் பக்கம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 2015 ஆகஸ்டில் மொசில்லா அறிவித்தது: ஸூல் வழி நீட்சிகள் போகப்போகின்றன, இனி வெப் எக்ஸ்டென்ஷன் என்ற புதிய முறை மட்டும்தான். குரோம் நீட்சிகளைப் போன்றது அது. வரையறுத்த கதவுகள் வழியாக மட்டும்தான் உள்ளே வரலாம்.

2017 நவம்பர் 14 அன்று 57ஆம் பதிப்பு வெளியானது. அதற்குக் குவாண்டம் என்று பெயர் வைத்தார்கள். உண்மையிலேயே வேகமாக இருந்தது. பழைய நீட்சிகள் எல்லாம் 'மரபு நீட்சிகள்' என்ற தனிப் பட்டியலுக்குள் தள்ளப்பட்டு முடங்கின. இந்த முறை எண்ணைக் கையால் மாற்றினாலும் பயன் இல்லை. அவை பேசிய மொழியையே உலாவி மறந்துவிட்டது. அடுத்த ஆண்டு மொசில்லாவின் நீட்சித் தளத்திலிருந்தும் அவை எடுக்கப்பட்டன. தன்னார்வலர்கள் சிலர் அவற்றைத் திரட்டிக் காப்பகமாக வைத்தார்கள்.

நோஸ்கிரிப்ட் போல நிறைய பயனாளர்கள் உள்ள நீட்சிகள் ஒரு சில நாட்களில் புதிய வடிவத்தில் திரும்பி வந்தன. டவுன்தெம்ஆல் வர 2019 ஆனது. ஒரு பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை மாற்றிக் காட்டுவது புதிய முறையிலும் செய்யக்கூடியதுதான். பொறியாளனாகச் சொல்கிறேன், கஷ்டமான காரியம் இல்லை. யாராவது உட்கார்ந்து மறுபடியும் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'யாராவது' என்பது சிறிய மொழிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். அவருக்கு வேலை இருக்கும், குடும்பம் இருக்கும், வயது ஏறியிருக்கும்.

சுவரில் ஒட்டிய நோட்டீஸ்

ரெண்டு வருடம் முன்னாலேயே சொல்லிவிட்டோம் என்று மொசில்லா சொல்லலாம். அது நியாயமும்கூட. ஆனால் அந்த அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது? மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, ஆங்கிலத்தில். புந்தோங்கில் உட்கார்ந்து ஒரு பழைய கோப்பைப் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இல்லை. எனக்கும் இல்லை, நான் படிக்கவில்லை.

பெரியப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் சிரித்தார். "தோட்டம் கைமாறினப்பவும் இப்படித்தான். ஆபீஸ் சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தான். இங்கிலீஷ்ல. மரம் வெட்டப் போறவன் விடியக்காலைல அந்தப் பக்கம் போறானா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த ஒப்பீடு மனதில் தங்கிவிட்டது. லய வீட்டில் மூன்று தலைமுறை இருந்திருப்பார்கள். முன்னால் முருங்கை நட்டு, பின்னால் கோழி வளர்த்து, சொந்த வீடு மாதிரியே. ஆனால் நிலம் தோட்டத்துடையது. நிலம் கைமாறினால் வீடும் போகும். இதைப் பேராக் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் அவர்களே தோட்டத்தை வாங்குவது என்பது யோசனை.

ஒரு பதிப்பு எண்ணையும் குடும்பங்கள் தெருவுக்கு வந்ததையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஒரு நீட்சி போனால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். தனியார் எழுத்துருவில் எழுதிய தமிழ் லய வீட்டில் இருந்தது. நீட்சி அந்த வீட்டுக்கு நல்ல கூரை போட்டுக் கொடுத்தது. கூரை எத்தனை நன்றாக இருந்தாலும் நிலம் நம்முடையது ஆகவில்லை. யூனிகோடு பொது நிலம். அதிலும் குறைகள் உண்டு, அதைப் பற்றித் தமிழறிஞர்களும் கணிஞர்களும் நிறைய சண்டை போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றபோது கூடவே டேஸ்16 என்ற இன்னொரு குறியாக்கத்தையும் வைத்துக்கொண்டது. ஆனால் எந்த ஒரு கம்பெனியும் நாளை காலையில் யூனிகோடின் 'த'வை முக்கால் பின்னமாக மாற்றிவிட முடியாது. ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என்பது அந்த அமைப்பின் விதி.

57ஆம் பதிப்போடு இந்தக் கதை முடியவும் இல்லை. 2019 மே 4 அன்று நீட்சிகளுக்கான மின்சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் நீட்சிகள் ஒரே இரவில் முடங்கின. அடுத்த நாளே திருத்தம் வந்தது. குரோமும் 2024இல் தன் பழைய முறை நீட்சிகளை முடக்கத் தொடங்கியது. இது இன்னும் வரும். புதுப்பிக்காமல் இருப்பது தீர்வு இல்லை. பழைய உலாவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவைத் திறந்துவைத்துத் தூங்குவது மாதிரி.

மாற்றும் வேலை

அந்தச் சனிக்கிழமை நான் செய்தது அரைகுறை வைத்தியம். பழைய நீட்சிகளை இன்னும் சில மாதம் ஏற்றுக்கொண்ட நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் பக்கத்தில் நிறுவி, பழைய நீட்சியைப் போட்டு, "தோட்டத்து ஃபைலுக்கு மட்டும் இது, பேங்குக்கு அது" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுபடியும் பூச்சி தமிழானது. பெரியப்பா சந்தோஷப்பட்டார். நானும் மறந்துபோனேன். அந்தப் பதிப்பின் ஆதரவும் 2018இல் முடிந்தது.

உண்மையான வேலையை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தொடங்கினேன். பெரியப்பாவின் கணினி ஒரு நாள் எழுந்திருக்கவே இல்லை. நல்ல வேளை, கோப்புகளின் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் பழைய குறியாக்கங்களை மாற்றும் பகுதி இருக்கிறது. அதை வைத்து மாற்றினேன்.

எண்ணுக்கு எண் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதின. 'கே' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு ஏகாரக் குறி. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. அவற்றைச் சேர்த்து ஓர் உயிர்க்குறியாக ஆக்க வேண்டும். இதை நிரல் ஒழுங்காகச் செய்துவிடும்.

நிரலால் முடியாதது, மனிதர் செய்த பிழை. பெரியப்பா தட்டச்சு செய்த எழுத்துருவில் காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்திருக்கின்றன. அவர் சில இடங்களில் காலுக்குப் பதிலாக 'ர'வைத் தட்டியிருக்கிறார். 'ஔ'வுக்கு ஒ, ள என்று இரண்டு எழுத்து. திரையில் வித்தியாசம் தெரியாது, ஆகவே இருபது வருடமாக அது பிழையே இல்லை. யூனிகோடுக்கு வந்ததும் ராமாயி 'ரரமரயி' ஆகிவிட்டார். காளியம்மா 'கரளியம்மர'. தேடுபொறியில் ராமாயி என்று தேடினால் அவர் கிடைக்கமாட்டார்.

ஆகவே ஐந்து மாதம், வாரக் கடைசிகளில் ஈப்போவுக்குப் போய், பெரியப்பாவை உட்காரவைத்து வரி வரியாகப் படித்தேன். அவர் கண் மங்கிவிட்டது. நான் படிப்பேன், அவர் கேட்டுத் திருத்துவார். அப்போதுதான் தெரிந்தது, பக்கத்தில் இல்லாத விஷயங்களும் அவரிடம் நிறைய இருந்தன. மூணாவது லயத்து ராமாயி யார், நாலாவது லயத்து ராமாயி யார், அவர்களுடைய பிள்ளைகளில் யார் சிம்மோரில் இருக்கிறார், யார் சிங்கப்பூர் போனார். அதையெல்லாம் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். நீட்சி நன்றாக வேலை செய்துகொண்டே இருந்திருந்தால் நாங்கள் இருவரும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். இதை நான் செய்த தவறுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை.

இந்த நாட்டில் என் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டில் இப்படி ஒரு வட்டு, ஒரு பழைய கணினி இருக்கும். கோயில் கமிட்டியின் அறிக்கை, இளைஞர் மன்ற மலர், தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், யாரோ ஒருவர் எழுதி அச்சுக்குப் போகாத கவிதைத் தொகுப்பு. தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் முதல் வருடங்களிலும் தட்டச்சு செய்தது என்றால் பெரும்பாலும் பழைய எழுத்துருதான். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மூலக் கோப்பை அழிக்காதீர்கள், அது பூச்சியாகத் தெரிந்தாலும். அந்த எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதையும் அதே உறையில் வையுங்கள். எந்தக் குறியாக்கம் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை அந்தப் பெயர்களைத் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் படித்துக் காட்டுங்கள். முதல் நான்கையும் எந்த வருடமும் செய்யலாம். கடைசியை அப்படித் தள்ளிப்போட முடியாது.

பெரியப்பாவோடு படித்து முடித்த கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. மாற்றிய பிறகு 'சந்திரர' என்று வந்திருந்தது. சந்திராவா, சந்திரர் என்று ஏதோ ஆண் பெயரா?

"அஞ்சாவது லயமா?"

"ஆமா பெரியப்பா. ஆறாம் நம்பர் வீடு. புருசன் பேரு போடல. எழுபத்தொம்பதுல தெலுக் இந்தான் பக்கம் போனதா இருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சந்திராதான். என்கிட்ட மூணாம் வகுப்பு படிச்ச பிள்ள. அம்மா இல்ல. அப்பன் போனப்புறம் வீட்டு நம்பர் அவ பேர்லதான் இருந்துச்சு."

கடைசி ரகரத்தை அழித்துவிட்டுக் கால் போட்டேன். சந்திரா.